மயக்க மருந்தும் பிபி சப்போர்ட்டும் ஒன்றாக ஓடுவது ஏன்?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, பிபிக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறார். போன மாதம் குளிர்காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியுமாக ஆரம்பித்தது. இரண்டாம் நாள் பேச்சு குழறி, பிபி 70க்கு இறங்கிய நிலையில் ஐசியுவில் சேர்த்தோம். சிறுநீர்க் குழாயில் கல் அடைத்து, சிறுநீரகத்தில் சீழ் கட்டி, அது செப்டிக் ஷாக் ஆகிவிட்டது என்றார்கள். மூச்சு வாங்கியதால் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். டியூப் போட்டதுமே பிபி 60க்குக் கீழே போனது. அப்புறம் பால் மாதிரி வெள்ளையாக ஒரு மயக்க மருந்தும், பிபி சப்போர்ட்டுக்கு நார்அட்ரீனலினும் பக்கத்துப் பக்கத்துப் பம்ப்பில் ஓடின. மறுநாள் மதியம் யூராலஜி டாக்டர் வந்து, அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் வடிய டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தார். அன்றைக்கு இரவு டியூட்டி டாக்டர் வெள்ளை மருந்தை நிறுத்திவிட்டு டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்துக்கு மாற்றினார். விடிவதற்குள் நார்அட்ரீனலின் 18லிருந்து 6க்கு வந்துவிட்டது! நாடித்துடிப்பும் 118லிருந்து 64க்கு இறங்கியது. ஆனால் அடுத்த நாள் அப்பா டியூபைப் பிடித்து இழுக்கப் பார்த்தார் என்று கையைக் கட்டி வைத்திருந்தார்கள்.

பிபியை இறக்கும் மருந்தையும் ஏற்றும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது, ஒரு கையால் ஏற்றி மறு கையால் இறக்குவது ஆகாதா? வெள்ளை மருந்தால்தான் அப்பா அவ்வளவு மோசமானாரா? மாற்றியதை முதல் நாளே மாற்றியிருக்கலாமே? வெளிநாட்டில் இருக்கும் தம்பி, 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டெக்ஸ் ஆபத்து என்று ஐரோப்பாவிலேயே எச்சரித்திருக்கிறார்கள் என்கிறான். டியூப் போடும்போது எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கொடுத்திருந்தால் பிபி இறங்கியிருக்காது என்றும் சண்டை பிடிக்கிறான். அப்பா இப்போது வார்டில் இருக்கிறார். ராத்திரியானால் சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார். மயக்க மருந்தின் வேலையா இது? மூளை பழையபடி ஆகுமா?

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அப்பா வார்டுக்கு வந்துவிட்டார் என்பதே பெரிய செய்தி, அம்மா. போதுமான அளவு திரவம் ஏற்றிய பிறகும் சராசரி ரத்த அழுத்தத்தை 65இல் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, உடம்பு நெருக்கடியில் இருப்பதைக் காட்டும் லாக்டேட் என்ற பொருளும் ரத்தத்தில் 2க்கு மேல் இருந்தால் அதைச் செப்டிக் ஷாக் என்று 2016இல் வரையறுத்தார்கள். அந்த நிலைக்குப் போனவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மருத்துவமனையிலேயே இறந்துபோகிறார்கள் என்பதுதான் அப்போது பார்த்த கணக்கு. அந்த வரிசையில் நின்று திரும்பி வந்தவர் உங்கள் அப்பா. அவருக்கு வைத்தியம் பார்த்தவன் நான் இல்லை, கேஸ் ஷீட்டையும் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்கிறேன்.

கடிதத்தில் வெள்ளை மருந்துக்குப் பல வரிகள், டெக்ஸுக்குப் பல வரிகள் எழுதியிருக்கிறீர்கள். மதியம் வைத்த டிஜே ஸ்டென்டுக்கு ஒரே வரிதான். என் கணக்கில் அந்த ஒரு வரிதான் கதையின் திருப்பம். அதற்கு வருகிறேன். முதலில் பிபி.

கிருமி ரத்தத்தில் கலந்ததும் ரத்தக்குழாய்ச் சுவர்கள் தளர்ந்து விரிகின்றன. நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் அளவு மீறிச் சுரப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நுண்குழாய்கள் கசிய ஆரம்பித்து, குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் திசுக்களுக்குள் இறங்குகிறது. அதனால்தான் முதல் மூன்று மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.லி. அளவில் திரவம் ஏற்றச் சொல்கிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் குழாயைச் சுருக்கும் மருந்து. உலகம் முழுக்க முதலில் எடுப்பது நார்அட்ரீனலின்தான். முன்பெல்லாம் டோபமின் அதிகம் போட்டார்கள். அதில் இதயத் துடிப்புக் கோளாறு அதிகம் வருகிறது என்று 2010இல் வந்த ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வு காட்டிய பிறகு அது பின்னுக்குப் போய்விட்டது.

இந்த நிலையில் எதற்காக மயக்க மருந்து? தொண்டையில் டியூப் இருக்கும் ஆளுக்கு வலி இருக்கும், இருமல் வரும், பயம் வரும். இயந்திரம் காற்றைத் தள்ளும்போது அவர் மூச்சை வெளியே விட முயல்வார். இப்படி மல்லுக்கட்டும் உடம்பு, ஏற்கெனவே பற்றாக்குறையாக இருக்கும் ஆக்சிஜனைத் தசைகளிலேயே செலவழித்துவிடும். நல்ல ஐசியுவில் முதலில் வலிக்கு மருந்து போடுவார்கள், பெரும்பாலும் ஃபென்டனில். அதற்கு மேல் தேவைப்பட்டால்தான் மயக்க மருந்து. ஆக, இரண்டு பம்ப்பும் இரண்டு வெவ்வேறு வேலைக்கு ஓடுகின்றன.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் உண்மை இல்லாமல் இல்லை. வெள்ளை மருந்தின் பெயர் புரோபோஃபால். சோயா எண்ணெயில் கரைத்த மருந்து, அதனால்தான் பால் நிறம். ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளின் வேகத்தை அது குறைக்கிறது, குழாய்களை நேரடியாகவும் விரிக்கிறது. பிபி இறங்கத்தான் செய்யும். இதில் பலர் கவனிக்காத இன்னொரு பங்கு உண்டு. ஷாக்கில் இருக்கும் உடம்பு, தன் சொந்த அட்ரீனலினைக் கொட்டித்தான் கொஞ்சநஞ்ச பிபியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஆளைத் தூங்க வைத்தாலே, எந்த மருந்தில் தூங்க வைத்தாலும் சரி, அந்தப் பிடி தளர்ந்துவிடும். மிடாசோலம் என்ற இன்னொரு மயக்க மருந்திலும் இது நடக்கும். டெக்ஸ் போட்டாலும் நடக்கலாம். பிபியைத் துளியும் தொடாத மயக்க மருந்து என்று ஒன்று கிடையாது.

அதனால் நார்அட்ரீனலின் ஏறிக்கொண்டே போகும் நோயாளியைப் பார்த்தால், நான் அடுத்த மருந்தைச் சேர்ப்பதற்கு முன் பக்கத்துப் பம்ப்பைப் பார்ப்பேன். இவருக்கு இவ்வளவு மயக்கம் வேண்டுமா? ராஸ் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. அமைதியாக விழித்திருந்தால் 0, எதற்கும் அசையாமல் கிடந்தால் -5, ஆக்ரோஷமாக இருந்தால் +4. கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கும் அளவு, அதாவது 0க்கும் -2க்கும் நடுவில், பெரும்பாலானவர்களுக்குப் போதும். கிள்ளினாலும் அசையாத -5இல் ஒருவரைக் கிடத்திவிட்டு, பிபி நிற்கவில்லை என்று நார்அட்ரீனலினை ஏற்றிக்கொண்டிருந்தால், அங்கே நீங்கள் சொன்ன ஒரு கை, மறு கை கதை உண்மையாகிவிடுகிறது. எந்த மருந்து என்ற சண்டையைவிட எவ்வளவு மருந்து என்பதில் நோயாளிக்கு அதிக லாபம் இருக்கிறது என்பது என் உறுதியான கட்சி. சிகாகோவில் 128 பேரிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தவர்கள் வென்டிலேட்டரில் இருந்த காலம் நடு அளவில் 4.9 நாள். வழக்கம்போல் தொடர்ந்து ஓட்டியவர்களுக்கு 7.3 நாள். மருந்து அதேதான், கொடுத்த விதம்தான் வேறு.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போய், தசை தளர்த்தும் மருந்து கொடுத்து, குப்புறப் படுக்க வைக்கும் நிலையில் இருப்பவருக்கு ஆழமான மயக்கம் கட்டாயம். அங்கே அதற்காகக் கொஞ்சம் கூடுதல் நார்அட்ரீனலின் போனால் போகட்டும் என்று விடுவதுதான் சரி.

சரி, 18லிருந்து 6. பம்ப்பில் தெரியும் எண் மணிக்கு எத்தனை மி.லி. ஓடுகிறது என்பது மட்டும்தான். சிரிஞ்சுக்குள் எவ்வளவு மருந்து கலந்திருக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. 50 மி.லி.யில் 4 மி.கி. கலந்திருந்தால், 70 கிலோ ஆளுக்கு 18 என்பது நிமிடத்துக்குக் கிலோவுக்கு சுமார் 0.34 மைக்ரோகிராம். 8 மி.கி. கலந்திருந்தால் அதே 18 இரண்டு மடங்கு, 0.68. ஐசியுவில் அளவு ஏற ஏற, அடிக்கடி சிரிஞ்ச் மாற்ற வேண்டாம் என்று டபுள் ஸ்ட்ரென்த்தில் கலப்பார்கள். அப்போது பம்ப்பில் 18 இருந்த இடத்தில் 9 வரும், உள்ளே போகும் மருந்து மாறியிருக்காது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் குடும்பம் 'பாதியாகக் குறைந்துவிட்டது' என்று சாமிக்கு வேண்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, நார்அட்ரீனலின் உப்பாக 2 மி.கி. என்று எழுதியிருந்தால் அதில் மூல மருந்து 1 மி.கி.தான். எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம். இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால் மி.லி.யைக் கேட்காதீர்கள், நிமிடத்துக்குக் கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று கேளுங்கள். 0.1ஐ ஒட்டி இருந்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். 0.25ஐத் தாண்டினால் டாக்டர்களே குழாயைச் சுருக்கும் இன்னொரு மருந்தான வாசோபிரெசின் சேர்ப்பதைப் பற்றியும், சில மணி நேரம் அப்படியே நீடித்தால் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி பற்றியும் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

உங்கள் அப்பாவுக்குக் கலவை மாறவில்லை, அளவு நிஜமாகவே மூன்றில் ஒன்றாக இறங்கியது என்றே வைத்துக்கொள்வோம். யாருக்குப் பெருமை சேர வேண்டும்?

இப்போது ஸ்டென்டுக்கு வருவோம். கல் அடைத்த சிறுநீரகம் என்பது வெளியே போக வழியில்லாத சீழ்ப்பை. உள்ளே அழுத்தம் ஏற ஏறக் கிருமியும் அதன் நச்சும் ரத்தத்துக்குள் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு உயர்ந்த ஆன்டிபயாட்டிக் போட்டாலும் அடைத்துக் கிடக்கும் சிறுநீரகத்துக்குள் அது சரியாகப் போய்ச் சேராது. டிஜே ஸ்டென்ட் வைத்தோ, முதுகுப் பக்கமாகத் துளையிட்டுக் குழாய் வைத்தோ சீழை வடித்துவிட்டால், பல நோயாளிகளுக்குச் சில மணி நேரத்திலேயே பிபி நிற்க ஆரம்பிப்பதைப் பார்க்கலாம். மதியம் வடித்தார்கள், இரவில் மருந்து மாற்றினார்கள், விடியலில் பிபி தேறியது. இரவில் நடந்ததைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், அதனால் அதற்கு மாலை போடுகிறீர்கள். எனக்கு யூராலஜி டாக்டர் மேல்தான் சந்தேகம்! முதல் நாள் ஆரம்பித்த ஆன்டிபயாட்டிக்கும் அந்த நேரத்தில்தான் வேலையைக் காட்டத் தொடங்கியிருக்கும். ஹைட்ரோகார்டிசோன் போட்டிருந்தால் அதற்கும் பங்கு உண்டு. அது ஷாக்கைச் சீக்கிரம் தீர்க்கிறது என்று 2018இல் 3,800 பேரிடம் நடத்திய ஆய்வில் தெரிந்தது. உயிர்ப் பிழைப்பில் வித்தியாசம் காட்டவில்லை.

அந்த ஸ்டென்ட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எப்போது கல்லை எடுப்பார்கள், எப்போது ஸ்டென்டை எடுப்பார்கள் என்று தேதி கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் மறந்துபோய், அதன் மேலேயே கல் படிந்து திரும்ப வருபவர்கள் நம் ஊரில் குறைவில்லை.

இதற்காக டெக்ஸுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 2019இல் இத்தாலியக் குழு ஒன்று செப்டிக் ஷாக்கில் இருந்த 38 பேருக்குப் புரோபோஃபாலை நிறுத்தி டெக்ஸுக்கு மாற்றிப் பார்த்தது. நான்கு மணி நேரத்தில் நார்அட்ரீனலின் தேவை சராசரியாக 0.69லிருந்து 0.30க்கு இறங்கியது. திரும்பப் புரோபோஃபாலுக்கு மாற்றியதும் 0.42க்கு ஏறியது. மெல்போர்னில் செம்மறியாடுகளுக்குச் செப்சிஸ், அதாவது உடம்பையே நிலைகுலைக்கும் கடும் தொற்று, உண்டாக்கி நடத்திய சோதனையிலும் டெக்ஸ் கொடுத்தபோது நார்அட்ரீனலின் குறைவாகவே தேவைப்பட்டது. உடம்பு ஓயாமல் அட்ரீனலினைக் கொட்டுவதால் குழாய்ச் சுவரில் இருக்கும் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. டெக்ஸ் மூளையிலிருந்து அந்தக் கொட்டலை அடக்கும்போது அவை மறுபடி மருந்துக்குச் செவிசாய்க்கின்றன என்பது விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 38 பேர் ஆய்வில், டெக்ஸ் வந்ததால் குறைந்ததா அல்லது புரோபோஃபால் போனதால் குறைந்ததா என்று பிரிக்க முடியாது.

பம்ப்பில் எண் குறைவது ஒன்று, ஆள் பிழைப்பது வேறு. செப்சிஸில் வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் டெக்ஸையும் புரோபோஃபாலையும் நேருக்கு நேர் வைத்து அமெரிக்காவில் நடத்திய மெண்ட்ஸ்-2 ஆய்வு 2021இல் வெளியானது. மருந்து பெற்றவர்கள் 422 பேர். 90 நாளில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 38 சதவீதம், மறு பக்கம் 39 சதவீதம். குழப்பமும் ஆழ்ந்த மயக்கமும் இல்லாமல் கழிந்த நாட்கள் 10.7, 10.8. இதைவிடச் சமமாக இரண்டு மருந்து இருக்க முடியாது. 2019இல் வந்த ஸ்பைஸ்-3 ஆய்வு 4,000 பேரைப் பார்த்தது. அங்கேயும் இரண்டு பக்கமும் 29.1 சதவீதம் இறப்பு. டெக்ஸ் பக்கத்தில் நாடி மெதுவாவதும் பிபி இறங்குவதும் கொஞ்சம் அதிகம். ஆம், பிபிக்கு நல்லது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே மருந்தில்தான்.

அதனால் வெள்ளை மருந்து உங்கள் அப்பாவைக் கெடுத்தது என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். முதல் நாளே ஏன் மாற்றவில்லை என்பதற்கும் பதில் ஓரளவு இதிலேயே இருக்கிறது. மீதி இதுதான்: டெக்ஸ் ஆழமான மயக்கம் தராது. அதில் இருப்பவர் கூப்பிட்டால் விழிப்பார். முதல் சில மணி நேரத்தில் வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டும் நோயாளிக்கு அது போதாமல் போகலாம். வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று அதன் முதல் அளவைப் பத்து நிமிடத்தில் மொத்தமாக ஏற்றினால், ஷாக்கில் இருப்பவருக்கு நாடி சரிந்து பிபியும் சரியலாம். அதனால் ஷாக்கில் அந்த முதல் அளவைத் தவிர்த்துவிட்டு, மணிக்குக் கிலோவுக்கு 0.2 மைக்ரோகிராம் மாதிரி சின்ன அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவதுதான் பாதுகாப்பு. முதலில் புரோபோஃபால், ஷாக் தளரத் தொடங்கி எழுப்பும் கட்டம் வந்ததும் டெக்ஸ் என்ற வரிசை எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. நானும் பெரும்பாலும் அப்படித்தான் போவேன். நாடி 64 ஆனதும் அந்த மருந்தின் இயல்புதான். 50க்குக் கீழே போய், கூடவே பிபியும் இறங்கினால்தான் அளவைக் குறைக்க வேண்டும்.

டியூபை இழுக்கப் பார்த்தாரே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். பிரிட்டனில் 1,400க்கும் அதிகமான நோயாளிகளிடம் டெக்ஸ், அதே வகையைச் சேர்ந்த குளோனிடின், புரோபோஃபால் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வந்தது. டெக்ஸ் கொடுத்தவர்களை வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் எடுக்க முடிந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. படபடப்பும் கிளர்ச்சியும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. லேசான மயக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. கை கட்டியிருந்ததைப் பார்த்து உங்களுக்கு மனசு பதறியிருக்கும். ஷாக்கிலிருந்து முழுதாக மீளாதவர் டியூபைத் தானே பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் கொஞ்ச நேரத்துக்குக் கட்டுவார்கள். ஆனால் வலி இருக்கிறதா, சிறுநீர் போக வெளியிலிருந்து வைத்த குழாய் அடைத்திருக்கிறதா, பயந்திருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் கட்ட வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் பல நேரம் கயிறே தேவைப்படாது. நம் ஐசியுக்கள் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று குடும்பத்தை வெளியே நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தம்பி சொன்ன எச்சரிக்கை உண்மைதான். ஸ்பைஸ்-3 ஆய்வை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 65 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் டெக்ஸ் பக்கம் இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. அதை வைத்து 2022இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலோடு டாக்டர்களுக்குக் கடிதம் போனது. அது தடை இல்லை, யோசித்துக் கொடுங்கள் என்கிற குறிப்பு. அந்த ஆய்வில் ஐசியுவுக்கு வந்தவுடனேயே டெக்ஸை ஆரம்பித்து, அதையே முதன்மை மருந்தாக ஓட்டினார்கள் என்பதைத் தம்பி கவனிக்க வேண்டும். மெண்ட்ஸ்-2இல் இருந்தவர்களின் நடு வயது அறுபதை ஒட்டியதுதான், எல்லோரும் செப்சிஸ் நோயாளிகள், அங்கே அப்படி ஒரு வித்தியாசம் வரவில்லை. இரண்டாம் நாள் இரவில், தேறத் தொடங்கிய 61 வயதுக்காரருக்குக் கொஞ்ச நாள் கொடுத்ததை இந்த எச்சரிக்கையைக் காட்டித் தவறு என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆழமான மயக்கம் வேண்டும் என்பதற்காக இளவயதுக்காரர் ஒருவருக்கு முதல் மணியிலிருந்தே டெக்ஸை ஏற்றிக்கொண்டே போனால், அங்கே நானே கேள்வி கேட்பேன்.

எட்டோமிடேட் விஷயத்தில் தம்பி பாதி சரி. டியூப் போடும் நேரத்தில் பிபி விழுவது ஐசியுவில் தினமும் பார்ப்பது. 29 நாடுகளில் கிட்டத்தட்ட 3,000 பேரைக் கவனித்து 2021இல் வந்த ஆய்வில், பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் தடுமாறியது. மருந்து ஒரு காரணம், சொந்த அட்ரீனலின் பிடி விட்டுப்போவது ஒரு காரணம், இயந்திரம் நெஞ்சுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவது மூன்றாவது. எட்டோமிடேட் முதல் காரணத்தை மட்டும்தான் குறைக்கும். அதற்கும் ஒரு பழைய கறை உண்டு. கிளாஸ்கோ ஐசியு ஒன்றில் விபத்தில் அடிபட்டவர்களுக்கு அதைத் தொடர்ந்து ஓட்டியபோது 77 சதவீதம் பேர் இறந்ததாகவும், மார்ஃபினும் அதோடு வேறு மயக்க மருந்தும் பெற்றவர்களில் 28 சதவீதம் பேர்தான் இறந்ததாகவும் 1983இல் ஒரு கடிதம் வெளியானது. நெருக்கடியில் உடம்பைத் தாங்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அட்ரீனல் சுரப்பி தயாரிக்கும் கடைசிப் படியை அந்த மருந்து அடைத்துவிடுகிறது என்று பிறகு தெரிந்தது. ஒரே ஒரு ஊசியே ஒரு நாள் அளவுக்கு அதைச் செய்யும். செப்டிக் ஷாக்கில் கார்ட்டிசோலை (ஹைட்ரோகார்டிசோன் அதுதான்) வெளியிலிருந்து ஊசியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அதே நேரத்தில் உள்ளே சுரப்பதை அடைப்பதா என்று பலர் தயங்குவது அதனால்தான். டல்லாஸில் 801 பேரிடம் நடந்து 2022இல் வந்த ஆய்வில் ஏழாம் நாளில் கெட்டமின் என்ற வேறொரு மயக்க மருந்தைப் பெற்றவர்கள் 85.1 சதவீதமும், எட்டோமிடேட் பெற்றவர்கள் 77.3 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். 28ஆம் நாளில் அந்த இடைவெளி தேய்ந்து பொருட்படுத்த முடியாத அளவாகிவிட்டது. கெட்டமினும் மந்திரம் இல்லை. சொந்த அட்ரீனலினை எல்லாம் தீர்த்துவிட்ட உடம்பில் அதுவும் பிபியை இறக்கும். மருந்தின் பெயரைவிட, டியூப் போடுவதற்கு முன்பே நார்அட்ரீனலினை ஓட விட்டார்களா, மயக்க மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நார்அட்ரீனலினைக் கழுத்து லைன் போடும் வரை காத்திருக்காமல் கையில் இருக்கும் நல்ல நரம்பிலேயே ஆரம்பிக்கலாம் என்று 2021 சர்வதேச வழிகாட்டலும் சொல்கிறது.

சுவரில் ஊரும் எறும்புக்கு வருவோம். இது டெலிரியம் என்கிற தற்காலிகக் குழப்பம். பகலில் தெளிவாகப் பேசுவார், இரவில் இல்லாததைப் பார்ப்பார். பைத்தியம் இல்லை. மயக்க மருந்து மட்டும் இதற்குக் காரணம் இல்லை. செப்சிஸே மூளையைக் கலக்கும், தூக்கம் கெட்டது, சிறுநீரகம் சோர்ந்தது, எல்லாம் சேரும். மருந்துகளில் இதற்கு அதிகம் பெயர் வாங்கியது மிடாசோலம் வகைதான். சிறுநீரகம் பழுதானவர்களிடம் அது உடம்பில் தேங்கியும் நிற்கும். கேஸ் ஷீட்டில் அது எவ்வளவு போனது என்று கேட்டுப் பார்க்கலாம், ஆனால் இனி அதை வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியது பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுவது, மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிடுவது, இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று அவ்வப்போது சொல்வது, எழுந்து உட்கார வைத்து நடக்க வைப்பது, இரவில் விளக்கையும் டிவியையும் அணைப்பது. எறும்பே இல்லை என்று வாதாட வேண்டாம். 'நான் பக்கத்தில் இருக்கிறேன் அப்பா' என்றால் போதும். காய்ச்சல் திரும்பினாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது புதிய தொற்றாகவோ, சர்க்கரையோ சோடியமோ இறங்கியதாகவோ இருக்கலாம்.

மூளை பழையபடி ஆகுமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோருக்கு எறும்பும் நிழலும் நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் போய்விடும். ஞாபகமும் கணக்கும் திரும்ப மாதங்கள் ஆகலாம். அமெரிக்காவில் 821 ஐசியு நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் மூன்றில் ஒருவருக்குச் சிந்தனைத் திறன் தெளிவாகக் குறைந்திருந்தது. டெலிரியம் அதிக நாள் நீடித்தவர்களுக்குக் குறைவு அதிகம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அப்பா கடைக் கணக்கோ பேங்க் வேலையோ பார்ப்பவராக இருந்தால் முதல் மூன்று மாதம் தனியாக விடாதீர்கள், பெரிய கையெழுத்து எதுவும் போட வைக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கும்போது இரண்டு மாத்திரைகளைத் தேடுங்கள். ஒன்று குவெட்டியாபின் அல்லது ஹாலோபெரிடால். குழப்பத்துக்காக ஐசியுவில் ஆரம்பித்து, யாரும் நிறுத்தாமல் வீடு வரை வந்துவிடும் மருந்துகள் இவை. ஹாலோபெரிடால் டெலிரியம் நாட்களைக் குறைக்கவில்லை என்று 2018இல் 566 பேர் ஆய்வு காட்டிவிட்டது. சீட்டில் இருந்தால் எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்று டெல்மிசார்ட்டன். வீட்டில் பழைய அட்டை கிடக்கும், வந்தவுடன் எடுத்துப் போட்டுக்கொள்வார். பிபி நிலையாக நின்று, கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்து, டாக்டர் சொன்ன பிறகுதான் அதைத் தொட வேண்டும். மெட்ஃபார்மினுக்கும் அதே விதி. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், உள்ளே ஸ்டென்ட் இருக்கும் இந்தச் சமயத்தில் அதைத் தொடரலாமா என்று சர்க்கரை டாக்டரிடமும் யூராலஜி டாக்டரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். இருவர் சொல்வதும் வேறு வேறாக இருந்தால், ஸ்டென்ட் எடுக்கும் வரையாவது யூராலஜி டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அதுவரை சர்க்கரையை இன்சுலினில் வைத்துக்கொள்ளலாமா என்று சர்க்கரை டாக்டர் முடிவு செய்யட்டும்.